போர்தோச் செம்மதுவும் வானத்தின் சோதனையும்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது தமிழ்நாட்டு உழவர் வாயிற் பிறந்த பழமொழி. இதன் உண்மையை நெல் விளைப்பவர் மட்டுமே உணர்ந்தவர் என்று எண்ணுதல் தவறு. உலகில் மிக உயர்ந்த விலைக்கு விற்கும் விளைபொருள்களுள் ஒன்றை ஆக்குகின்ற பிரெஞ்சு நாட்டுத் திராட்சை உழவரும் வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்கின்றனர். ஒரு புட்டிக்குப் பல நூறு வெள்ளி கொடுத்து வாங்கப்படும் போர்தோச் செம்மதுவின் பின்னே, உறைபனிக்கு அஞ்சிய இரவுகளும், மழை நிற்காதா என ஏங்கிய நாள்களும் உள்ளன. மதுவை விரும்பாதவர்க்கும் இதில் அறியத்தக்க உழவுச் செய்தி ஒன்று உண்டு. ஒரே வகைப் பழத்தை நம்பாமல் பல வகைகளைச் சேர்த்துக் கலக்கும் முறை, சுவைக்காக மட்டும் தோன்றியதன்று. நம்ப முடியாத வானத்துக்கு எதிராக மனிதன் எழுப்பிக்கொண்ட வேலியும் அதுவே. அந்த வேலி எவ்வளவு வலிமையுடையது என்பதை 2013ஆம் ஆண்டின் பருவம் சோதித்துப் பார்த்தது.

நிலமும் ஆறும்

போர்தோ என்பது பிரான்சின் தென்மேற்கில், அட்லாண்டிக் கடலுக்கு அண்மையில் உள்ள பழைய துறைமுக நகரம். நிலநடுக்கோட்டுக்கும் வடமுனைக்கும் ஏறத்தாழ நடுவில் அது அமைந்துள்ளது. காரோன், தொர்தோன் என்னும் இரண்டு ஆறுகள் அங்கே ஒன்றுகூடி, ஜிரோந்து என்னும் அகன்ற கழிமுகமாகிக் கடலில் கலக்கின்றன. 1152ஆம் ஆண்டில் அந்நாட்டு இளவரசி எலியனோர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னனான இரண்டாம் ஹென்றியை மணந்தாள். அதன் பயனாக 1453 வரை, முந்நூறு ஆண்டுகள், போர்தோ ஆங்கில அரசர்க்கு உட்பட்டிருந்தது. போர்தோ மது கடல் கடந்து புகழ் பெற்றதற்கு அந்த ஆங்கில வாணிகமே தொடக்கம்.

கழிமுகத்தின் இடக்கரையில் மெதோக் என்னும் நிலப்பகுதி நீண்டு கிடக்கிறது. சதுப்பாக இருந்த அதன் பல இடங்களை 17ஆம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் நீர் வடித்துத் திருத்தினர். அங்குள்ள மேடுகள், ஆறுகள் பன்னெடுங்காலமாக மலைகளிலிருந்து உருட்டிக் கொணர்ந்த பருக்கைக் கற்களால் ஆனவை. நெல்லுக்கு அந்நிலம் உதவாது. ஆயின் திராட்சைக்கு அது பொன் விளையும் நிலம். பெய்த மழை கற்களினூடே விரைவில் வடிந்துவிடுகிறது. பகலில் கற்கள் வாங்கிய வெயிலின் சூடு இரவிலும் கொடியின் அடியைக் காக்கிறது. வலக்கரையில் உள்ள பொமெரோல், சேன்-தெமிலியோன் ஆகிய ஊர்களிலோ களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும் மிகுதி. களிமண் குளிர்ந்தது; ஈரத்தை விடாமல் பிடித்து வைப்பது. எனவே இரண்டு கரைகளுக்கும் ஏற்ற பழங்கள் வேறு வேறாயின.

கலப்பது ஏன்?

போர்தோச் செம்மதுவில் முதன்மையான பழங்கள் இரண்டு. ஒன்று கபர்னே சோவின்யோன், மற்றொன்று மெர்லோ. இவற்றுக்குத் துணையாகக் கபர்னே பிரான், பெத்தி வெர்தோ, மால்பெக் ஆகியவை சிற்றளவில் சேர்க்கப்படுகின்றன. கார்மனேர் என்னும் ஆறாவது வகை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேர்ப்பூச்சியால் தோட்டங்கள் அழிந்தபோது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. அது தென்னமெரிக்காவின் சிலி நாட்டில், மெர்லோ என்னும் பெயரில் வளர்ந்துகொண்டிருந்ததை 1994இல் அறிஞர் கண்டறிந்தனர்.

கபர்னே சோவின்யோனின் பிறப்பும் வியப்புக்குரியது. அது கபர்னே பிரான் என்னும் கறுப்புப் பழத்துக்கும் சோவின்யோன் பிளாங் என்னும் வெள்ளைப் பழத்துக்கும் இயற்கையாகப் பிறந்த பிள்ளை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் போவர்ஸ், கேரல் மெரிடித் என்னும் இருவர் மரபணு ஆய்வால் இதனைத் தெளிவுபடுத்தி 1997இல் வெளியிட்டனர்.

முதன்மைப் பழங்கள் இரண்டும் இயல்பில் ஒன்றற்கொன்று மாறானவை. மெர்லோ முந்தித் துளிர்க்கும், முந்திப் பூக்கும், முந்திப் பழுக்கும். அதன் மணி பெரியது, தோல் மெல்லியது. அதிலிருந்து வரும் மது மென்மையும் சதைப்பற்றும் உடையது. கபர்னே சோவின்யோனோ பிந்தித் துளிர்க்கும்; பழுப்பதிலும் மெர்லோவுக்கு ஒன்றிரண்டு வாரம் பிந்தி நிற்கும். அதன் மணி சிறியது, தோல் தடித்தது, கொட்டை மிகுதி. தோலிலும் கொட்டையிலும் உள்ள துவர்ப்பே மதுவுக்கு உறுதியையும் நீண்ட ஆயுளையும் தருகிறது. நன்றாகப் பழுக்காவிடில் கபர்னேயில் பச்சைக் குடைமிளகாயின் வாடை வீசும். நாவைப் பிடிக்கும் வறட்டுத் துவர்ப்பும் தங்கிவிடும்.

இந்த வேறுபாட்டில்தான் கலவையின் கருத்து அடங்கியிருக்கிறது. ஏப்ரல் திங்களில் உறைபனி விழுந்தால், முந்தித் துளிர்த்த மெர்லோ கருகும். இன்னும் உறங்கிக் கிடக்கும் கபர்னே பிழைக்கக்கூடும். அக்டோபர் திங்களில் பெருமழை வந்தால், முன்பே பறித்துவிட்ட மெர்லோ தப்பும். கொடியில் நிற்கும் கபர்னே நனையும். ஒருவன் தன் செல்வத்தையெல்லாம் ஒரே கப்பலில் ஏற்றாமல் இரண்டு கப்பல்களில் பிரித்து அனுப்புவது போன்றது இது. நல்ல ஆண்டில் இரண்டு கப்பலும் கரை சேரும். அப்போது மென்மையும் உறுதியும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். தீய ஆண்டில் ஒன்றாவது வந்து சேரும்.

பெயரின் சுமை

1855ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஒரு பெரும் உலகக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்து நிகழ்ச்சி அது. அதன் பொருட்டு, போர்தோ மதுத் தரகர்கள் தோட்டங்களை விலையையும் புகழையும் கொண்டு ஐந்து படிகளாக வரிசைப்படுத்தினர். செம்மதுவில் முதற்படி பெற்றவை நான்கே: லாபித், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். ஓ-பிரியோன் ஒன்று தவிர, வரிசையில் இடம்பெற்ற செம்மதுத் தோட்டங்கள் எல்லாம் மெதோக்கைச் சேர்ந்தவை. முத்தோன் ரோத்ஷில்ட் என்னும் தோட்டம் இரண்டாம் படியில் வைக்கப்பட்டது. நெடுநாள் முயற்சிக்குப்பின் 1973இல் அது முதற்படிக்கு உயர்த்தப்பட்டது. அதற்கான ஆணையில் கையொப்பமிட்டவர், அந்நாள் வேளாண் அமைச்சராயிருந்து பிற்காலத்தில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவரான ஜாக் சிராக்.

பெயர் புகழையும் பொருளையும் தரும். அதனோடு ஒரு சுமையையும் தரும். தோட்டத்தின் பெயரோடு ஆண்டின் எண்ணும் புட்டியில் பொறிக்கப்படுகிறது. வேறோர் ஆண்டின் நல்ல மதுவை ஊற்றி இவ்வாண்டின் குறையை மறைக்கும் வழக்கம் இங்கு இல்லை. ஆகவே பெயர் பெரிதாகப் பெரிதாக, ஒரு மழைக்காலத்தில் அப்பெயர் கெட்டுவிடுமோ என்னும் அச்சமும் பெரிதாகிறது.

இந்த அச்சத்தை எப்படித் தாங்குவது என்பதற்கு முத்தோன் தோட்டத்திலேயே ஒரு சான்று உண்டு. 1930ஆம் ஆண்டின் விளைவு மிகத் தாழ்ந்திருந்தது. அம்மது முத்தோன் என்னும் பெயரைத் தாங்கத் தகுதியற்றது என்று கண்ட பிலிப் தெ ரோத்ஷில்ட், அதனை முத்தோன் காதே என்னும் வேறு பெயரில் விற்றார். காதே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு இளைய மகன் என்பது பொருள். பிலிப்பும் தம் குடும்பத்தில் கடைக்குட்டி. ஒரு தீய ஆண்டின் பிள்ளையாகப் பிறந்த அப்பெயர் பின்னர் உலகெங்கும் விற்கும் பெரிய வாணிகப் பெயராயிற்று.

கொடியின் ஓராண்டு

2013இல் நேர்ந்ததை விளங்கிக்கொள்ளக் கொடியின் ஓராண்டை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து கட்டைபோல் நிற்கும் கொடியைக் கவாத்து செய்கின்றனர். மார்ச்சு இறுதியிலும் ஏப்ரலிலும் அது துளிர்க்கிறது. உறைபனிக்கு அஞ்ச வேண்டிய காலம் இதுவே. ஜூன் திங்களில் பூக்கிறது. திராட்சைப் பூ கண்ணைக் கவரும் பூவன்று. சின்னஞ்சிறு மூடியொன்று கழன்று விழ, உள்ளிருக்கும் மகரந்தம் அந்தப் பூவிலேயே சேர்ந்து பிஞ்சு பிடிக்கும். அவ்வேளையில் குளிரும் மழையும் நீடித்தால் மூடி சரியாகக் கழலாது. கருப்பிடிக்காத பூக்கள் உதிர்ந்துவிடும். பிடித்தவற்றுள்ளும் சில மணிகள் குருணைபோற் சிறுத்தே நின்றுவிடும். ஒரே குலையில் பெரியதும் சிறியதும், பழுத்ததும் பழுக்காததும் கலந்திருக்கும் நிலை அதனால் வரும்.

ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் பச்சை மணிகள் நிறம் மாறிக் கறுக்கின்றன. பூத்தலிலிருந்து பறித்தல் வரை ஏறக்குறைய நூற்றுப்பத்து நாள் என்பது அங்குள்ள உழவர் கணக்கு. செப்டம்பரிலும் அக்டோபரிலும் பறிப்பு நடைபெறும். அப்போது மழை மிகுந்தால் மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கும், சாறு நீர்த்துப்போகும், தோல் வெடிக்கும், வெடித்த இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம் குடியேறும்.

2013: ஏறுமாறான பருவம்

அவ்வாண்டின் வேனிற்பருவம் குளிர்ந்தும் நனைந்தும் வந்தது. துளிர்த்தல் பிந்தியது, அதனால் பூத்தலும் பிந்தியது. ஜூன் திங்களில் பூக்கள் விரிந்த வேளையிலும் மழையும் குளிரும் விடவில்லை. முந்திப் பூக்கும் மெர்லோவே மிகுதியாக அடிபட்டது. பல தோட்டங்களில் பூக்கள் கொட்டிப்போய், எஞ்சிய குலைகள் பல்லிழந்த வாய்போல் நின்றன.

ஈரத்தோடு இலைநோயும் வந்தது. அடிச்சாம்பல் நோய் எனப்படும் அப்பூஞ்சண நோய், 1878 அளவில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்தது. அதற்கான மருந்து கண்டறியப்பட்டதும் போர்தோவில்தான். மெதோக்கில் சாலையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறித்துத் தின்னாதிருக்க, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து இலைகளில் தெளிப்பது உழவர் வழக்கம். நீலம் பூசியதுபோன்ற இலையைக் கண்டு வழிப்போக்கர் அஞ்சி விலகுவர். இவ்வாறு தெளித்த கொடிகளில் மட்டும் நோய் அணுகாதிருந்ததைப் போர்தோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். ஆய்ந்து பார்த்து 1885இல் தம் முடிவை வெளியிட்டார். தென்னிந்தியாவின் காப்பித் தோட்டங்களிலும் பாக்குத் தோப்புகளிலும் போர்டோக் கலவை என்று உழவர் இன்றும் கரைத்துத் தெளிப்பது இதுவே. அந்த மருந்தின் பெயரில் இருப்பது இந்தத் திராட்சை நகரத்தின் பெயர் என்பதை அறிந்தவர் சிலரே.

ஜூலை வந்தது, வெயிலும் வந்தது. நல்ல வெப்பத்தில் கொடிகள் தேறின. உழவர் நெஞ்சிலும் நம்பிக்கை துளிர்த்தது. ஆயின் ஆகஸ்டுத் தொடக்கத்தில், இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட ஆந்தர்-தே-மேர் என்னும் பகுதியில் கடும் ஆலங்கட்டி மழை பெய்தது. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் தோட்டங்களில் இலையும் குலையும் சிதைந்தன. ஓராண்டு உழைப்பு சில நிமிடத்தில் தரையிற் கிடந்தது. அங்கே உள்ளவர்களுள் பெரும்பாலோர் புகழ்பெற்ற தோட்டங்களின் உடைமையாளர் அல்லர். எளிய விலைக்கு விற்கும் மதுவை ஆக்கும் சிறு உழவர்.

செப்டம்பர் இறுதியில் மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. மழையோடு வெப்பமும் சேர்ந்தது. ஈரமும் வெம்மையும் கூடிய காற்றில் பூஞ்சணம் மிக விரைவாகப் பரவும். உழவர் முன் ஓர் இக்கட்டான வினா எழுந்தது. காத்திருந்தால் பழம் இன்னும் இனிக்கும், ஆனால் அழுகிவிடக்கூடும். உடனே பறித்தால் அழுகலுக்குத் தப்பும். ஆனால் முற்றாத துவர்ப்பு மதுவில் நிற்கும். பலர் நாள் எண்ணாமல் மணி எண்ணிப் பறிப்பைத் தொடங்கினர். அக்டோபர் முதற்பகுதியில் கபர்னேயும் கூடைக்கு வந்தது. விளைச்சல் கணக்கிடப்பட்டபோது, 1991க்குப்பின் போர்தோ கண்ட மிகக் குறைந்த விளைவு அதுவே எனத் தெரிந்தது.

இங்கே ஒரு புதுமையையும் குறிப்பிட வேண்டும். செம்மதுவைக் கெடுத்த அதே பூஞ்சணம், தெற்கே சோத்தேர்ன் என்னும் ஊரில் வாழ்வளித்தது. அங்கே வெள்ளைத் திராட்சையின்மேல் அப்பூஞ்சணம் படிந்தால் நீர் வற்றிச் சாறு தேன்போல் இறுகும். அதிலிருந்தே புகழ்பெற்ற இனிப்பு மது ஆகிறது. 2013இல் சோத்தேர்ன் உழவர்க்கு நல்ல மது கிட்டியது. ஒருவர்க்குக் கேடானது மற்றொருவர்க்கு ஆக்கமாயிற்று.

நீக்குதல் என்னும் கலை

இத்தகைய ஆண்டில் முதற்படித் தோட்டங்கள் செய்தது என்ன? முதலில், கொடியிலேயே வேலை நடந்தது. குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றும் வெயிலும் புக வழி செய்தனர். பறிக்கும்போது அழுகிய மணிகளைக் கத்தரித்து எறிந்தனர். பின்னர் மேசைமேல் பரப்பிப் பொறுக்கினர். அண்மைக் காலத்தில் வந்துள்ள பொறிகள் ஒவ்வொரு மணியையும் ஒளிப்படக் கருவியால் நோக்கி, நிறத்திலோ வடிவிலோ குறையுள்ளதைக் காற்றை ஊதித் தள்ளிவிடுகின்றன. ஒவ்வொரு நிலத்துண்டின் பழமும் தனித்தனித் தொட்டியில் நொதிக்க வைக்கப்படுகிறது. இதனால் எந்த நிலத்தின் எந்தப் பழம் தேறியது, எது தேறவில்லை என்பது கலப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

குளிர்காலத்தில் கலவைக்கான நாள் வருகிறது. தொட்டி தொட்டியாகச் சுவைத்துப் பார்த்து, எதனை எவ்வளவு சேர்ப்பது என்று முடிவு செய்கின்றனர். எது சேர வேண்டும் என்பதைக் காட்டிலும், எது சேரக்கூடாது என்பதே அன்றைய பெரிய வினா. ஏதோ ஒரு காரணத்தால் தேறாத மது தோட்டத்தின் முதற்பெயரைப் பெறாது. இரண்டாம் பெயரில், குறைந்த விலையில் விற்கப்படும். மார்கோத் தோட்டத்தின் இரண்டாம் மதுவுக்குப் பவியோன் ரூஜ் என்று பெயர். அதற்கும் தகாதது இன்னும் கீழே இறங்கும்.

2013ஆம் ஆண்டின் மார்கோ இதற்குச் சிறந்த சான்று. பால் பொந்தாலியே அப்போது அத்தோட்டத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டு முதல் மதுவில் 94 விழுக்காடு கபர்னே சோவின்யோன், 5 விழுக்காடு கபர்னே பிரான், 1 விழுக்காடு பெத்தி வெர்தோ. மெர்லோ ஒரு துளியும் இல்லை. லாபித் தோட்டத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே: 98 விழுக்காடு கபர்னே சோவின்யோன், 2 விழுக்காடு மெர்லோ. கலவையால் புகழ் பெற்ற தோட்டங்கள், புகழைக் காக்கும் பொருட்டுக் கலவையையே ஏறக்குறைய விட்டுவிட்டன. இரண்டு கப்பல்களில் ஒன்று மூழ்கிற்று. மூழ்கியதன் சரக்கை மற்றதில் ஏற்றிக் கெடுக்க அவர்கள் இசையவில்லை.

இவ்வளவு செய்தும் 2013இன் செம்மது பேராண்டின் மதுவாகிவிடவில்லை. அது மெலிந்தது; நெடுங்காலம் வைத்திருப்பதற்கன்றி விரைவில் அருந்துவதற்கு ஏற்றது என்பதே பொதுவான மதிப்பீடு. மனிதன் திறமையால் இழப்பைக் குறைக்கலாம். வராத வெயிலை வருவிக்க இயலாது.

முன் கண்ட சோதனைகள்

போர்தோவுக்கு இத்தகைய சோதனை புதிதன்று. 1956ஆம் ஆண்டில் சனவரி திங்கள் இளவெப்பமாய் இருந்தது. கொடிகளில் சாறு ஏறத் தொடங்கிற்று. பிப்ரவரியில் திடீரென்று கடுங்குளிர் வந்து, ஏறிய சாறு உறைந்து, கொடிகள் பிளந்து மாண்டன. வலக்கரையில்தான் அழிவு மிகுதி. பலர் கொடிகளை வேரோடு பிடுங்கிப் புதியன நட்டனர். பொமெரோலில் உள்ள பெத்ரூசுத் தோட்டத்தை அந்நாள் நடத்திவந்த மூதாட்டி லூபா அம்மையார் அதற்கு உடன்படவில்லை. பட்டுப்போன பகுதியை வெட்டிவிட்டுப் பழைய வேரிலிருந்தே மீண்டும் தழைக்க விட்டார். பல ஆண்டு விளைவு குறைந்தது. ஆனால் பழைய வேர்கள் நிலைத்தன.

அதே பெத்ரூசு 1991இல் மற்றொரு பாடத்தைத் தந்தது. அத்தோட்டத்தில் விளைவது ஏறக்குறைய முழுவதும் மெர்லோ. ஏப்ரல் 20, 21 நாள்களில் விழுந்த உறைபனி போர்தோ முழுவதையும் தாக்கியது. முந்தித் துளிர்த்த மெர்லோ தாங்கவில்லை. அவ்வாண்டுக்குப் பெத்ரூசு மதுவே வெளிவரவில்லை. துணைக்கு வேறு பழம் இல்லாத தோட்டம், பெயரைக் காக்க ஓர் ஆண்டையே விட்டுக்கொடுக்க நேர்ந்தது. மெதோக்கில் கழிமுகத்தை ஒட்டிய தோட்டங்களோ, நீர்ப்பரப்பின் வெதுவெதுப்பால் ஓரளவு தப்பின.

எல்லாவற்றினும் சிந்திக்கத்தக்கது 1961. அவ்வாண்டும் பூக்கும் காலத்தில் குளிர் வந்தது; மே இறுதியில் உறைபனியும் விழுந்தது; மெர்லோ பெரிதும் உதிர்ந்தது; விளைவு மிகச் சுருங்கிற்று. லாபித் அவ்வாண்டு முழுக்க முழுக்கக் கபர்னே சோவின்யோனாலேயே ஆயிற்று. இதுவரை 2013க்கும் 1961க்கும் வேறுபாடு மிகுதியில்லை. ஆனால் 1961இல் ஆகஸ்டு வறண்டது. செப்டம்பர் வெயில் தந்தது. கொடியில் எஞ்சிய சில குலைகளுக்கே நிலத்தின் ஊட்டமெல்லாம் சென்று சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த போர்தோ மதுக்களுள் ஒன்றாக 1961 இன்றும் போற்றப்படுகிறது. வேனிலில் இரண்டு ஆண்டுகளும் ஒரே இழப்பைக் கண்டன. இலையுதிர்காலம்தான் ஒன்றை அரியணையில் ஏற்றி மற்றொன்றை மழையில் நிறுத்தியது. பூ உதிர்ந்த நாளிலேயே ஓராண்டின் விதி முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எவர்க்கு எளிது?

நீக்குதல் உயர்ந்த கலை என்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கலை எல்லார்க்கும் எட்டுவதன்று. பெரும்புகழ் பெற்ற தோட்டம் தன் விளைவில் பாதியைத் தள்ளினாலும், எஞ்சிய பாதியின் விலை அதனைத் தாங்கும். ஆந்தர்-தே-மேர் பகுதியில் ஆலங்கட்டியில் அகப்பட்ட சிறு உழவர்க்குத் தள்ளுவதற்கு என்ன இருந்தது? இருந்த பழத்தைப் பறித்து, வந்த விலைக்கு விற்பதன்றி அவர்க்கு வேறு வழி ஏது? உழக்கும் மிஞ்சாத கணக்கு அங்கேதான் மெய்யாகிறது. செம்மதுவை விரும்பிக் குடிப்போர் தொகை குறைந்து, சிறு தோட்டங்களின் சரக்கு தேங்கியபோது, 2023இல் போர்தோவில் 9,500 ஹெக்டேர் வரை கொடிகளைப் பிடுங்க உதவித்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு ஹெக்டேருக்கு 6,000 யூரோ என்பது அதன் அளவு. நடுவதற்குக் கடன் வாங்கிய உழவர், பிடுங்குவதற்கு உதவி பெறும் காலமும் வந்தது.

வானமும் மாறி வருகிறது. முன்னெல்லாம் பழம் பழுக்குமோ என்பதே போர்தோவின் கவலை. வெப்பம் ஏறிவரும் இந்நாளில், முந்திப் பழுக்கும் மெர்லோ அளவுக்கு மீறிப் பழுத்துச் சர்க்கரை ஏறிவிடுமோ என்பது புதிய கவலை. குளிர்காலம் இளகியதால் கொடிகள் முந்தித் துளிர்க்கின்றன. துளிர்த்தபின் வரும் உறைபனிக்கு இரையாகின்றன. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் அவ்வாறே பெருஞ்சேதம் நேர்ந்தது. 2021இல் பிரெஞ்சு அரசின் உரிய அமைப்பு, போர்தோவின் பொதுப்பெயர் கொண்ட மதுக்களில் புதிய வகைகள் சிலவற்றைச் சேர்க்க இசைவு தந்தது. செம்மதுவுக்கு நான்கு: ஆரினார்னோவா, காஸ்தெத்சு, மார்சலான், போர்த்துகலின் தூரிகா நாசியோனால். தோட்டப் பரப்பில் 5 விழுக்காட்டுக்கும், கலவையில் 10 விழுக்காட்டுக்கும் மேற்படாமல் இவற்றைப் பயன்படுத்தலாம்.

மரபைப் பெரிதும் போற்றும் நாட்டில் இது சிறிய மாற்றமன்று. எனினும் போர்தோவின் பழைய அறிவுக்கு இது மாறானதும் அன்று. ஒன்றையே நம்பாதே, துணையைச் சேர்த்துக்கொள் என்பதுதானே கலவையின் முதற்பாடம்? கூட்டில் இருந்த துணை மாறலாம்; அளவு மாறலாம்; 2013இற்போல் ஓராண்டு துணையே இல்லாமலும் போகலாம். தக்கதைச் சேர்ப்பதும் தகாததை நீக்குவதும் ஒரே அறிவின் இரண்டு கைகள். வானம் கொடுத்ததை அக்கைகளில் ஏற்று, அடுத்த வேனிலில் கொடி மீண்டும் துளிர்க்கும் என்று கவாத்துக் கத்தியைத் தீட்டுபவனே உழவன்.